ஃபேரி மாமா வீட்டுக்கு ஒரு போர்டு

உலகத்தில் நாற்காலி என்று ஒன்று இருப்பதே தெரியாமல் முழு வாழ்க்கையையும் ஓட்டிவிட்ட மனிதர் ஒருவர் உண்டென்றால், அவர் எங்கள் ஃபேரி மாமாதான். பினாங்கு ஜார்ஜ் டவுனில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அவர் நின்று பார்த்திருப்பார்கள், நடந்து பார்த்திருப்பார்கள், மழையில் ஓடிக்கூடப் பார்த்திருப்பார்கள். உட்கார்ந்து பார்த்தவர் கிடையாது. சோற்றுத் தட்டை இடது கையில் ஏந்திக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே சாப்பிட்டு முடிப்பார். பல் டாக்டர் அவரைச் சாய்க்க முடியாமல் தானும் எழுந்து நின்றுதான் பல்லைப் பிடுங்கினார் என்று எங்கள் தெருவில் ஒரு கதை உண்டு. நான் நம்புகிறேன். பெண் பார்க்கப் போன வீட்டில் "உட்காருங்க மாப்பிள்ளை" என்று சொல்லிச் சொல்லி அவர்கள் வாய்தான் வலித்தது, அதனால்தான் கல்யாணமே ஆகவில்லை என்று இன்னொரு கதையும் உண்டு. அதையும் நம்புகிறேன்.

எல்லாம் தொழில் செய்த வேலை. பட்டர்வொர்த்துக்கும் தீவுக்கும் இடையே கார்களையும் ஏற்றிக்கொண்டு ஓடிய பழைய ஃபேரியில், உள்ளே வரும் வாகனங்களைக் கையசைத்து வரிசையில் நிறுத்துவதுதான் மாமாவின் உத்தியோகம். "வா... வா... வா... லெஃப்ட் ஒடி... நேரா வா... போதும்!" அந்தப் 'போதும்' வரும்போது உள்ளங்கையால் காரின் மூக்கில் ஓர் அடி விழும். இரண்டு கார்களுக்கு நடுவே ஒரு வாழைப்பழத் தோல் நுழையலாம், பழம் நுழையாது. அப்படி ஒரு துல்லியம். பிறகு ஒரு நாள் ஃபேரி கார் ஏற்றுவதை நிறுத்திக்கொண்டது. மாமாவின் கை நிறுத்திக்கொள்ளவில்லை.

கல்யாண வீட்டில் மாப்பிள்ளையும் பெண்ணும் அக்கினியை வலம் வரும்போது மாமா முன்னால் பின்வாங்கி நடந்துகொண்டே, "மாப்ள, ரைட் ஒடி, வேட்டியில நெருப்புப் படும்" என்பார். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு அவரைப் பார்ப்பார். எங்கள் சந்தில் ஒரு பெரியவர் இறந்தபோது, குறுகலான மாடிப்படியில் பெட்டியை இறக்க முடியாமல் எல்லோரும் திணறினார்கள். மாமா வந்தார். "தலைப் பக்கம் தூக்கு. ரிவர்ஸ். கொஞ்சம் ரிவர்ஸ். இப்ப கால் பக்கம் ஒடி. போதும்!" பெட்டி வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. இறந்தவரின் மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "அப்பா உயிரோட இருந்தப்பகூட இவ்ளோ சுளுவா வெளிய கெளம்புனதில்ல மாமா."

வேலை போன பிறகும் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, சும்மா பயணியாகவே புது ஃபேரியில் அக்கரைக்குப் போய்த் திரும்புவார்.

"எதுக்கு மாமா இப்படிப் போய்ட்டுப் போய்ட்டு வர்றீங்க?"

"அந்தக் கரை அங்கயே இருக்கான்னு ஒருத்தன் பாக்கணும் இல்ல?"

அவர் வீடு சூலியா தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. ஒல்லியாக, நீளமாக, பக்கத்து வீடுகள் இரண்டும் தோள் கொடுப்பதால் மட்டுமே நிற்பதுபோல ஒரு பழைய வீடு. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அவர் அப்பா வாங்கியது. அந்த வீட்டு மாடி அறையில்தான் என் சின்ன வயதில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். பிறகு சுங்கை பினாங்கில் ஃபிளாட் கிடைத்துப் போய்விட்டோம்.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்ல வேண்டும், கதைக்குத் தேவைப்படுகிறது. என் அம்மா கைநாட்டு. அப்பாவுக்கு பஸ் நம்பர் வரைக்கும் படிக்கத் தெரியும். எங்கள் வம்சத்திலேயே பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். யூனிவர்சிட்டி வாசலை மிதித்த முதல் ஆளும் நான். பட்டமளிப்பு அங்கி போட்ட என் படத்தை அப்பா வீட்டுக்குள் மாட்டவில்லை. ஃபிளாட் கதவுக்கு வெளியே, லிஃப்டிலிருந்து இறங்குகிறவர்கள் கண்ணில் படும்படி மாட்டினார். மின்சார மீட்டர் பார்க்க வருகிறவர்கூட முதலில் என்னைத்தான் பார்க்க வேண்டும். கழற்றச் சொன்னாயா என்று தோழிகள் கேட்பார்கள். எதற்குக் கழற்ற வேண்டும்? கஷ்டப்பட்டு வாங்கியது.

அந்தப் படம் ஏறிய நாளிலிருந்து ஃபேரி மாமா என் பெயரை மறந்துபோனார். எனக்கு அவர் வைத்த பெயர் 'டிகிரி'.

மாமாவுக்கு நிம்மதி போனது, பக்கத்து வீடு ஹோட்டலாக மாறியபோது. சும்மா மாறவில்லை, வாசலில் ஒரு போர்டோடு மாறியது. இது பாரம்பரியச் சிறப்புள்ள வீடு, ஒரு காலத்தில் பெரிய வணிகர் ஒருவர் இங்கே வாழ்ந்தார் என்று அதில் எழுதியிருந்தது. "வாழ்ந்தானா? குடைய மறந்து வெச்சிட்டுப் போனான், எடுக்க வந்தான், அவ்ளோதான்" என்பது மாமாவின் வரலாறு. ஆனால் சுற்றுலாக்காரர்களுக்கு அது தெரியுமா? வருவார்கள், போர்டைப் படிப்பார்கள், படம் எடுப்பார்கள், அப்படியே திரும்பி மாமா வீட்டைப் பார்ப்பார்கள். அங்கே படிக்க ஒன்றும் இருக்காது. போய்விடுவார்கள். மாமா வாசலில் நின்று, "வா... வா... ரைட் ஒடி..." என்று இரண்டு கையாலும் கூப்பிடுவார். அதைப் பார்த்தால் அவர்கள் இன்னும் வேகமாகப் போவார்கள்.

இந்தச் சமயத்தில்தான் அவர் தங்கச்சி வந்து குண்டைப் போட்டார். எங்களுக்கு அவர் 'மாக் மண்டின் ஆண்டி'. கல்யாணமாகி அக்கரைக்குப் போனவர். மாக் மண்டின் தொழிற்பேட்டையில் ஒரு ஃபேக்டரியில் நூறு பெண்களை அதட்டி வேலை வாங்கி ஓய்வு பெற்றவர். அவர் "ம்" என்றாலே மெஷின் நின்றுவிடும் என்பார்கள். வீடு அண்ணன் தங்கச்சி இருவர் பெயரிலும் இருந்தது. வாங்க ஓர் ஆள் தயாராக நிற்கிறார், இதையும் ஹோட்டல் ஆக்கப் போகிறாராம் என்றார் ஆண்டி. அன்றைக்கு நான் அங்கே இருந்தேன்.

"ண்ணே, ஒழுகற வீட்டுல ஒத்த ஆளா நடந்துகிட்டு இருக்க. வித்துட்டு என் வீட்டுக்கு வந்துரு. அங்கயும் நடக்க எடம் இருக்கு லா."

"அப்பா வாங்குன வீடு இது."

"எனக்கும் அவருதான் அப்பா. இந்த வீட்டுல என்ன இருக்கு, சொல்லு. செவுத்துல தண்ணி. கதவு அடியில தேஞ்சு எலி போற அளவுக்கு ஓட்ட. வருஷா வருஷம் தீபாவளிக்கு வர்றேன், ஒரு திக்கார்கூட மாத்தறதில்ல நீ. அதே பச்ச எலை, அதே பச்ச எலை! கஞ்சப் பிசினாறி!"

தரைக்கு விரிக்கும், பூவும் இலையும் அச்சடித்த ரப்பர் பாயைத்தான் நாங்கள் திக்கார் என்போம். எங்கள் ஊரில் தீபாவளிக்குப் புதுத் துணி எடுக்காதவருக்கு மன்னிப்பு உண்டு. புதுத் திக்கார் விரிக்காத வீட்டுக்கு மன்னிப்பே கிடையாது. சொந்த அண்ணனை இதைவிடக் கேவலமாகத் திட்ட முடியாது. மாமா வாசலுக்கு நடந்தார். அங்கிருந்து பக்கத்து வீட்டுப் போர்டைப் பார்த்தார். திரும்பி வந்தார்.

"நம்ம வீட்டுக்கும் அந்த மாதிரி போர்டு குடுத்தா?"

"நம்ம வீட்டுக்கா?" ஆண்டி சிரித்தார். "கவர்மெண்ட்ல இருந்து வந்து, இந்த வீட்டுக்கு மதிப்பு இருக்குன்னு போர்டு மாட்டட்டும். அதுக்கப்புறம் விக்கச் சொல்லி வாயத் தொறக்க மாட்டேன். குடுக்கலன்னா பேசாம கையெழுத்துப் போட்டுட்டு என்னோட வரணும். ஓகேவா?"

"ஓகே" என்றார் மாமா. பிறகு என் பக்கம் திரும்பி இரண்டு கையையும் தூக்கினார். "டிகிரி, வா... வா... வா..."

போர்டு கேட்டுக் கவர்மெண்டுக்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தோம். அதாவது நான் உட்கார்ந்தேன்.

"எழுது. இந்த வீட்டுல ஒரு ராஜா வந்து தங்கினாரு."

"எந்த ராஜா?"

"ராஜான்னா ராஜாதான். பேரு கேட்டா கோச்சுக்குவாரு."

"மாமா, ஆதாரம் வேணும்."

"சரி, ராஜா வேணாம். ஜப்பான்காரன் இந்தச் செவுத்துல சைக்கிள சாச்சு வெச்சான். அத எழுது."

"பாத்தது யாரு?"

"செவுரு பாத்துச்சு."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "யூனிவர்சிட்டில என்னதான் சொல்லிக் குடுத்தாங்க ஒனக்கு?"

"பொய் எழுதக் கூடாதுன்னு."

"அத எங்கம்மா ஒரு அறையிலயே சொல்லிக் குடுத்துட்டாங்களே!"

இப்படியே ராஜா, ஜப்பான்காரன், ஒரு கடல் கொள்ளைக்காரன், பெயர் தெரியாத ஒரு சாமியார் என்று எல்லோரும் அந்த வீட்டுக்குள் வந்து வந்து போனார்கள். கடைசியில் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, எனக்குக் கண்ணால் தெரிந்ததை மட்டும் எழுதினேன். மூட்டை தூக்கிய ஒரு மனிதரின் வீடு. தோள் கொடுத்துத் தள்ளினால்தான் திறக்கும் கனத்த மரக் கதவு. அதன் நெற்றியில் மாமாவின் அம்மா வெள்ளிக்கிழமைதோறும் வைத்த குங்குமப் பொட்டுகள். நீலச் சுண்ணாம்பு பூசிய, கை வைத்தால் குளிரும் சுவர். சுற்றிலும் ஹோட்டல்களும் காப்பிக் கடைகளும் ஆகிவிட்ட சந்தில், இன்னும் ஒருவர் சோறு வடிக்கும் வீடு. ஆங்கிலத்தில், மலாயில், அழகாக. எழுதி முடித்ததை மாமாவுக்குத் தமிழில் சொன்னேன். கேட்டுவிட்டு நடப்பதை ஒரு நிமிடம் நிறுத்தினார்.

"இதெல்லாம் நம்ம வீட்டுலயா இருக்கு?"

"ஆமா மாமா."

"ராஜாவவிட இது நல்லாத்தான் இருக்கு லா."

வீட்டைப் பார்க்க அதிகாரி நேரில் வருகிறார் என்று தகவல் வந்தது. மாமா அன்றைக்கு ஃபேரியில் எத்தனை தடவை போய் வந்தாரோ, அந்தக் கடலுக்கே அலுத்திருக்கும். எனக்கு அதே வாரம் ஆபீஸ் வேலையாகக் கோலாலம்பூர் போக வேண்டியிருந்தது. போகும்போதே படித்துப் படித்துச் சொன்னேன். "மாமா, ஒண்ணும் செய்யாதீங்க. வீடு எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும்."

"சரி சரி. கூட்டி மட்டும் வைக்கறேன்."

இந்த இடத்தில் நம் ஆட்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வீட்டுக்குப் பெரிய மனுஷர் வருகிறார் என்றால் நாம் சும்மா இருப்போமா? அண்டா தேய்ப்போம், திரை மாற்றுவோம், இருக்கிற பழசையெல்லாம் கட்டிலுக்கடியில் தள்ளுவோம். பழசோடு விருந்தாளியை வரவேற்பது அவரை அவமானப்படுத்துவது. அது நம் ரத்தத்திலேயே ஊறிய விஷயம். டிகிரி வாங்கியவளுக்கு அது அந்த நேரத்தில் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அதிகாரி வரும் காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகச் சந்துக்குள் நுழைந்தேன். வீட்டைக் காணோம். முகவரி தப்போ என்று பக்கத்து ஹோட்டல் போர்டைப் பார்த்தேன். சரிதான். அதற்குப் பக்கத்தில் ஜாங்கிரி நிறத்தில் ஒரு கட்டடம் வெயிலில் பளபளத்துக்கொண்டு நின்றது. நீலச் சுண்ணாம்புச் சுவர் மேல் எனாமல் பெயிண்ட், முகம் பார்த்துத் தலை வாரலாம்போல. வாசலில் மாவிலைத் தோரணம். கனத்த மரக் கதவு இருந்த இடத்தில் அன்னப் பறவை ஸ்டிக்கர் ஒட்டிய கண்ணாடியும் அலுமினியமுமாக இழுத்துச் சாத்துகிற கதவு. உள்ளே பளிங்குக் கல் மாதிரியே அச்சடித்த புத்தம் புதுத் திக்கார். மாமா புதுச் சட்டையில், சந்தனப் பொட்டோடு, வாயெல்லாம் பல்லாக நின்றார்.

"எப்படி டிகிரி?"

"அலாமா... மாமா, கதவு எங்க?"

"அத எதுக்குக் கேக்கற? தேஞ்சு போன சனியன். பின்சந்துல போட்டேன், குப்ப லாரி வர்றதுக்குள்ளயே யாரோ தூக்கிட்டுப் போயிட்டான். பாவம், வெறகுக்கா இருக்கும்."

"சும்மா கூட்டி வைக்கறேன்னுதானே சொன்னீங்க!"

"ஆபீசர் வர்றாங்க. கல்யாணத்துக்கு வர்றவங்ககிட்ட பொண்ண எழவு வீட்டுச் சேலையிலயா காட்டுவாங்க?"

அவர் சொன்னது எங்கள் நியாயப்படி நூற்றுக்கு நூறு சரி.

மாக் மண்டின் ஆண்டி முதல் ஃபேரியிலேயே வந்து மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். அண்ணனுக்கு ஆசி வழங்க வந்தவர் மாதிரி தெரியவில்லை. மடியில் கைப்பேசி தயாராக இருந்தது.

வேன் வந்தது. கண்ணாடி போட்ட இளம் சீனப் பெண் ஒருத்திதான் அதிகாரி. கழுத்தில் கேமரா. சந்தில் கரும்புச் சாறு வண்டிக்கும் சாக்கடைக்கும் நடுவே வேனை நுழைக்க முடியாமல் டிரைவர் தவித்தார். விடுவாரா மாமா? "கோஸ்தான்... கோஸ்தான்..." என்று ரிவர்ஸ் எடுக்கச் சொல்லி, ஃபேரியில் கற்ற ஹொக்கியன் சீனத்தில் இடையிடையே செல்லமாகத் திட்டி, கடைசியில் "போதும்!" என்று வேனின் முதுகில் தட்டினார். டிரைவர் இறங்கிச் சக்கரத்துக்கும் சாக்கடைக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்துவிட்டு மாமாவைக் கும்பிடாத குறை. அன்றைக்குச் சரியாக நடந்தது அது ஒன்றுதான்.

அதிகாரி வீட்டு முன்னால் நின்றாள். கையிலிருந்த என் விண்ணப்பத்தைப் பார்த்தாள். வீட்டைப் பார்த்தாள். மறுபடியும் விண்ணப்பத்தைப் பார்த்தாள். "பழைய மரக் கதவு என்று எழுதியிருந்ததே?" என்று மலாயில் மெதுவாகக் கேட்டாள்.

மாமா நெஞ்சை நிமிர்த்தினார். "பழசு இல்ல மேடம்! எல்லாம் புதுசு! ஒண்ணுகூடப் பழசு கெடையாது!"

இதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அவர் மலாயிலேயே சொல்லிவிட்டார்.

அந்தப் பெண் நல்லவள். முகத்தைச் சுளிக்கவில்லை. சுவரைத் தொட்டாள், விரலில் ஜாங்கிரி ஒட்டிக்கொண்டது. வீட்டின் முகப்பு முழுக்க மாறிவிட்டது, கதவும் இல்லை, இந்த நிலையில் போர்டுக்குச் சிபாரிசு செய்ய என்னால் முடியாது, மன்னியுங்கள் என்றாள். இதைத்தான் நான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. எனக்குத் தெரிந்த மூன்று மொழியிலும் அதற்கு ஒரு நல்ல வார்த்தை கிடைக்கவில்லை.

"புதுசா இருக்கறதாலயா குடுக்க மாட்டாங்களாம்?" என்று கேட்டார் மாமா.

"ஆமா மாமா."

எப்போதும் காற்றில் எதையாவது நிறுத்திக்கொண்டேயிருக்கும் அந்தக் கைகள் இரண்டும் தொங்கிப்போயின. அவர் நடக்கவுமில்லை. படிக்கட்டில் ஆண்டி கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்தார்.

அதிகாரி வெளியே போகத் திரும்பியவள், நின்று, ஒரு காலால் தரையை அழுத்திப் பார்த்தாள். மறு காலால் அழுத்தினாள். படகில் நிற்பவள்போல லேசாக ஆடினாள். "இந்தத் தரை ஏன் இப்படி மெத்தென்று இருக்கிறது? அடியில் என்ன இருக்கிறது?"

"திக்கார்" என்றார் மாமா.

"அதற்கு அடியில்?"

"திக்கார்."

அவள் சுவரோரம் குந்தி, புதுப் பளிங்குத் திக்காரின் முனையைத் தூக்கினாள். அடியில் பச்சை இலை. அதைத் தூக்கினாள். அடியிலும் பச்சை இலை. அதற்கடியிலும் பச்சை இலைதான், கொஞ்சம் வெளுத்தது. ஒரு புத்தகத்தைப் புரட்டுவதுபோல அவள் புரட்டிக்கொண்டே போக, இலையாக வந்துகொண்டேயிருந்தது. எண்ணி மாளவில்லை. ஒரு தீபாவளிக்கு ஒன்று. பழசை எடுக்காமல் அதன் மேலேயே புதுசை விரித்து, தரை உயர்ந்து உயர்ந்து, கதவு இடிக்க இடிக்க மாமா அதன் அடியைச் சீவிக்கொண்டே வந்திருக்கிறார். கதவு தேய்ந்தது எலியால் இல்லை, தீபாவளியால்.

ஆண்டி கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்தார்.

"ண்ணே, நீ திக்கார் மாத்தறதில்லன்னு..."

"மாத்துவேன். நீ பாக்கறப்பல்லாம் புதுசுதான் இருந்துச்சு."

"புதுசா? அதே டிசைன் லா! கடையில வேற டிசைனே இல்லையா?"

"இருந்துச்சு. எனக்கு எது எடுக்கறதுன்னு தெரியல." மாமா தரையைப் பார்த்துச் சொன்னார். "கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடி நீ கடைசியா எடுத்தது அதுதானே."

ஆண்டி எழுந்து வந்தார். அதிகாரியைக் கையால் நகர்த்திவிட்டுத் தானே குந்தினார். நூறு பெண்களை அதட்டிய மனிதர் மெதுவாக ஒவ்வொரு ஓரமாகப் பிரித்துக்கொண்டே போனார். பச்சை இலைகள் முடிந்தன. அதற்கடியில் ரோஜாப் பூ வந்தது. "இது என் மொத சம்பளத்துல எடுத்தது." அதற்கடியில் மஞ்சள் கட்டம். "இது வேணாம்னு அம்மா சொன்னாங்க, அழுது வாங்குனேன்." இன்னும் கீழே ஊதா. "ண்ணே, இதுல நீ காப்பியக் கொட்டிட்டு என் மேல பழி போட்ட, கறையப் பாரு!" என்று சிரித்தார். பிறகு ஏதோ தேடியவர் மாதிரி மேலும் கீழும் புரட்டினார். "அம்மா தவறின வருஷம்?"

"அந்த வருஷம் போடல. தீபாவளி ஏது?"

எல்லாவற்றுக்கும் அடியில் சிவப்புச் செங்கல் தரை இருந்தது. அதிகாரி மூச்சை இழுத்தாள், கேமராவைத் தூக்கினாள். ஆனால் தரையைவிட அந்தத் திக்கார் அடுக்கைத்தான் அதிகமாகப் படம் எடுத்தாள். இப்படி ஒன்றுக்குப் போர்டு கொடுக்க எங்கள் விதியில் இடமில்லை என்று சொல்லும்போது, விதியின் மேல் அவளுக்கே கோபம் இருந்த மாதிரி இருந்தது.

அப்போது ஆண்டியின் கைப்பேசி அடித்தது. வீடு வாங்க நின்ற ஆள்.

"வீடா? எந்த வீடு?" என்றார் ஆண்டி, ஃபேக்டரிக் குரலில். "ராங் நம்பர் லா. வைங்க."

மாமா வாயைப் பிளந்தார். "போர்டுதான் கெடைக்கலயே?"

"யாரு கேட்டா ஒன் போர்ட? இந்த தீபாவளிக்குத் திக்கார் நான் எடுக்கறேன். பச்ச எலை பக்கம் நீ போன, கால ஒடிப்பேன்."

மாமாவின் கைகள் மெல்ல மேலே எழும்பின. ஓடிப்போய் அதிகாரியின் வேனைச் சந்திலிருந்து வெளியே எடுத்து விட்டார். அன்றைக்கு அந்த வழியாக வந்த எல்லா வண்டிகளையும், ஒரு ஐஸ்கிரீம் சைக்கிள் உட்பட, அவரேதான் அனுப்பி வைத்தார்.

இத்தோடு முடிந்திருக்க வேண்டியது. தீபாவளிக்கு முந்தின வாரம், திக்கார் எடுக்க ஆண்டி வந்திருந்தபோது, அண்ணன் தங்கச்சி இருவருக்கும் பலகாரம் கொடுக்கப் போயிருந்தேன். திடீர் மழை. ஒதுங்குவதற்குப் பக்கத்து ஹோட்டலின் கீழ்த்தளத்துக் காப்பிக் கடைக்குள் நுழைந்தேன். நடுக் கூடத்தில் எட்டுப் பேர் உட்காரும் நீள மேசை. அதைச் சுற்றி வெள்ளைக்காரர்கள் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த மேசைக்கு ஒரு முனை மட்டும் சீவிச் சீவித் தேய்ந்திருந்தது. மறு முனையில் வரிசையாகச் சிவப்புப் பொட்டுகள். நடுவில் கண்ணாடிச் சட்டம் போட்ட சின்னப் போர்டு: 'பினாங்கின் பழமையான வீட்டுக் கதவு. அசல் சிவப்பு அலங்காரப் புள்ளிகளுடன். தயவுசெய்து மரியாதையோடு பயன்படுத்தவும்.'

அலங்காரப் புள்ளியாம். மாமாவின் அம்மா வைத்த வெள்ளிக்கிழமைக் குங்குமம்.

மழையிலேயே ஓடிப்போய் இருவரையும் இழுத்து வந்தேன். வெள்ளைக்காரர்கள் போயிருந்தார்கள். நான் போர்டைத் தமிழில் படித்துச் சொன்னேன். ஆண்டி கதவின் பொட்டுகளைத் தடவினார். நான் மாமாவின் பக்கம் திரும்பினேன். "மாமா, கேட்டு வாங்கிடலாம். நான் பேசறேன். இது ஒங்க வீட்டுக் கதவு."

மாமா மேசையை ஒரு சுற்று சுற்றி வந்தார். இன்னொரு சுற்று. போர்டை எட்டிப் பார்த்தார்.

"வேணாம் டிகிரி. வீட்டுல இருந்தப்ப இத யாரு பாத்தா? இங்க நாலு பேரு மரியாதையா கை வைக்கறான்." மேசையின் சீவிய முனையைத் தட்டினார். "அதோட, திரும்ப மாட்டினா இந்த வருஷமும் நான்தான் அடியச் சீவணும்."

காப்பி வந்தது. நானும் ஆண்டியும் உட்கார்ந்தோம். மாமா கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கப் பார்த்தார். ஆண்டி எழுந்தார். அவருக்கு எதிரே போய் நின்று, இரண்டு கையையும் தூக்கினார்.

"ரிவர்ஸ்" என்றார்.

மாமா சிரித்தார்.

"சிரிக்காத. ரிவர்ஸ். ரிவர்ஸ். கொஞ்சம் லெஃப்ட் ஒடி. நேரா வா... வா... வா..."

மாமா பின்வாங்கிப் பின்வாங்கி வந்தார். நாற்காலி முழங்காலின் பின்பக்கம் இடித்தது. ஒரு கணம் திகைத்தார். அப்புறம், நான் சத்தியமாகச் சொல்கிறேன், ஃபேரி மாமா உட்கார்ந்தார். உள்ளங்கையை எடுத்து, அடிக்காமல், மெதுவாகக் கதவின் மேல் வைத்தார்.

"போதும்" என்றார்.

நாங்கள் எழுந்தால் அவரும் எழுந்துவிடுவாரோ என்று, மழை விட்ட பிறகும், காப்பி ஆறிப்போன பிறகும், நானும் ஆண்டியும் அசையாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.